பிழைக்கும் பிறப்புண்டு

பிழை செய்தவன் நாணுவதும், அதனைக் கண்டவன் திருத்துவதும் உலகத்து இயல்பு. 30 ஆண்டுகளாக மாணாக்கரின் கட்டுரைக் கொப்பிகளிற் சிவப்பு மையாற் கோடிட்டு வரும் எனக்கு, பிழை என்பது பயிரிடை முளைத்த களை என்பதில் ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. அத்தகைய யான், பிழையொன்று மெய்யான பிழைதானா என்று அறிவதற்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தேன் என்றால் அன்பர்கள் நகைப்பர். நகைத்த பின்னர் இதனைப் படித்தருளுமாறு வேண்டுகின்றேன்.

வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நிகழும்போது எங்கள் முள்ளியவளை ஊரே ஒரு பெருவீடு போலாகிவிடும். காட்டு விநாயகர் கோவிலிலே கடல்நீர் வார்த்து விளக்கேற்றும் நாள் தொடக்கம், கடல்கடந்து போனவர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்வர். சென்ற பொங்கலுக்கு அவ்வாறு வந்தவர்களுள் என் பழைய மாணாக்கன் ஒருவனும் இருந்தான். இப்பொழுது கனடாவிலே ரொறன்ரோ நகரில் இரவு வேலை செய்கின்றான். பொங்கல் முடிந்த மறுநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தவன், சட்டைப்பையிலிருந்து கண்ணாடித் தாளுறையில் இட்ட சிறு அட்டையொன்றை எடுத்து என் முன்னே வைத்தான்.

“ஐயா, நீங்கள் வகுப்பிலை பாடபேதம் படிப்பிக்கேக்கை, ஒரு ஏட்டிலை இருக்கிற பிழை எப்பிடி வந்தது எண்டு கண்டுபிடிக்கலாம் எண்டு சொல்லுவியள். இந்தப் பிழை எப்பிடி வந்தது எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

அட்டையிலே மட்டையேந்திய கருநிற இளைஞர் ஒருவரின் உருவப்படம் இருந்தது. படத்தின் கீழே பெயர் பொறிப்பதற்கென விடப்பட்ட சிறுகட்டம் வெறுமையாக இருந்தது. “பெயரைக் காணவில்லையே, தம்பி?” என்றேன். “அதுதான் ஐயா பிழை. அதுக்குத்தான் காசு” என்றான்.

அவன் கூறிய வரலாறு இது. அமெரிக்க நாட்டிலே பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தின் மீது பெருவிருப்புண்டு. அவ்வாட்டக்காரரின் உருவங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு முன்னாளிற் புகைச்சுருட் பெட்டிகளிலும் பின்னாளிற் சுவிங்கம் பொதிகளிலும் இட்டு விற்றனர். நாளடைவில் அட்டைகளே தனி வணிகப் பொருளாயின. பாடசாலைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தொகுத்தவை இன்று முதியோர் முதலிட்டு வாங்கும் செல்வமாகிவிட்டன. ரொப்ஸ் என்னும் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் 792 அட்டைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டது. அதில் 414ஆம் இலக்க அட்டை பிராங்க் தோமஸ் என்பவருக்கு உரியது. அவர் அப்போது சிக்காகோ நகரத்துக் குழுவினாற் புதிதாகத் தெரிவுசெய்யப்பட்ட இளைஞர்; பின்னர் புகழ்மிக்க அடிகாரராகி 2014இல் அவ்வாட்டத்தின் பெருமக்கள் மண்டபத்தில் இடம்பெற்றார். அவருடைய அட்டைகளுள் மிகச் சில, அச்சுக்கூடத்துத் தவறினால் முகப்பிற் பெயர் இன்றி வெளிவந்துவிட்டன. பெயருள்ள அட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பெயரில்லாத அட்டை நல்ல நிலையில் இருப்பின் ஆயிரக்கணக்கான டொலர் பெறும்.

என் மாணாக்கன் அத்தகைய அட்டையென நம்பி இதனைச் சந்தையொன்றிலே ஒருவரிடம் தன் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியிருக்கின்றான். வாங்கியது தனக்காகவும் அன்று. தான் படித்த பாடசாலையின் நூலகம் போரில் அழிந்தபின் இன்னும் பாதி அலுமாரி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டவன், அட்டையை மேலும் நல்ல விலைக்கு விற்று அப்பணத்தில் நூல்கள் வாங்கித் தர எண்ணியிருக்கின்றான். வாங்கிய பின்னர் நண்பர் ஒருவர் ஐயம் எழுப்பவே, உறக்கமின்றித் தவித்துப் பூதக்கண்ணாடியும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே ஆண்டின் பெயருள்ள அட்டையொன்றும் கொண்டுவந்திருந்தான்.

பந்தாட்டம் யான் அறியேன். ஆயினும் அச்சுக்கூடம் அறிவேன். இளமையில் விழாமலர்களுக்குப் படி திருத்துவதற்காக யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களிற் பலநாள் இருந்திருக்கின்றேன். ஆதலால் அவனிடம் முதலில் வினவியது, இவ்வட்டை எவ்வாறு அச்சாகின்றது என்பதே.

வண்ணப்படம் நான்கு மைகளால் ஆவது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கிற்கும் நான்கு தகடுகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் பங்கைப் புள்ளி புள்ளியாக இட, நான்கும் சேர்ந்து ஒரு முகமாகின்றது. மேலும், அட்டைகள் ஒவ்வொன்றாக அச்சிடப்படுவன அல்ல. ரொப்ஸ் நிறுவனத்தார் ஒரு பெருந்தாளில் 132 அட்டைகளை அச்சிட்டுப் பின்னரே வெட்டினர். 792 அட்டைகளுக்கும் ஆறு பெருந்தாள்கள் போதும். இவ்விரண்டு செய்திகளையும் கேட்டதும், ஏட்டுச்சுவடி ஆராய்வோன் செய்யும் வேலையையே இங்கும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

ஓர் ஏட்டிலே ஒரு சொல் விடுபட்டிருப்பின், அச்சொல்லை மட்டும் நோக்கி ஒன்றும் துணிய இயலாது. அதன் அயலை நோக்க வேண்டும். ஏட்டின் விளிம்பைச் செல்லரித்திருப்பின், ஒரு வரியில் மட்டுமன்றி அடுத்தடுத்த வரிகளிலும் அதே இடத்தில் எழுத்துக்கள் அழிந்திருக்கும். செல் எழுத்தறியாது, ஒரு சொல்லை மட்டும் தெரிந்தெடுத்து உண்ணாது. ஒரு சொல் மட்டும் அழகாக மறைந்து அயலெல்லாம் பழுதின்றி இருப்பின், அது செல்லின் வேலையன்று, கையின் வேலை.

அச்சுப்பிழையும் அத்தகையதே. தோமஸின் பெயர் மறைந்த வரலாற்றை ஆராய்ந்த அட்டை அன்பர்கள், அதே பெருந்தாளில் அவ்வட்டைக்கு அயலில் இருந்த வேறு ஆட்டக்காரரின் அட்டைகளைத் தேடினர். அவற்றுட் சிலவற்றிலும் கறுப்பு மை ஆங்காங்கே விழாமல் விடுபட்டிருக்கக் கண்டனர். அவற்றைத் தாளில் இருந்த ஒழுங்கிலே பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, விடுபட்ட இடங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரே பரப்பாகத் தோன்றின. கறுப்பு மை தாளிற் படாதவாறு ஏதோவொன்று மறித்திருக்கின்றது. மறிக்கப்பட்ட பரப்பினுள்ளே தோமஸின் பெயரும் அகப்பட்டது. ஆகவே மெய்யான பிழையட்டையிலே பெயர் மட்டும் மறைந்திருப்பதில்லை. அதே கறுப்பு மையால் அச்சாகும் மெல்லிய விளிம்புக் கோடும் ஒருபாற் சிதைந்து காணப்படும். பொய்ப்பிழை செய்வோன் பெயரைச் சுரண்டுவான், அல்லது மை கரைக்கும் திரவத்தால் துடைப்பான், கோட்டை மறந்துவிடுவான். அவன் கண்ணுக்குப் பெயர் ஒன்றே பொருளாகத் தெரிகின்றது. இயந்திரத்துக்குப் பெயரும் ஒன்றே, கோடும் ஒன்றே.

விளக்கை அருகில் இழுத்து இரண்டு அட்டைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினேன். பெயருள்ள அட்டையில் விளிம்புக் கோடு முழுமையாக இருந்தது. பெயரில்லாத அட்டையிலும் அக்கோடு மயிரளவும் குறையின்றி முழுமையாக இருந்தது. என் நெஞ்சு சற்றே கனத்தது. அட்டையைச் சாய்த்து விளக்கொளி அதன்மேற் படர விட்டேன். எங்கும் ஒரே மினுக்கம். பெயர்க்கட்டத்தில் மட்டும் மினுக்கம் மங்கி, நீர்பட்ட கடுதாசி போன்ற ஒரு பொருக்கு. பூதக்கண்ணாடியின் கீழே அப்பொருக்கினிடையே மணலளவான கறுப்புத் துகள்கள் இரண்டு மூன்று எஞ்சியிருந்தன. ஓர் எழுத்தின் காலும் ஓர் எழுத்தின் வளைவும் இருந்த இடங்கள் அவை.

யான் ஒன்றும் கூறாமற் கண்ணாடியை அவனிடம் நீட்டினேன். நெடுநேரம் நோக்கினான். “அழிச்சிருக்கிறாங்கள், ஐயா” என்றான். அவ்வளவே.

அவனைத் தேற்றும் பொருட்டு, ஏமாந்தவன் அவனொருவன் அல்லன் என்பதை அவனே அறிந்த கதைகளைக் கொண்டு பேசினோம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனமொன்று வெளியிட்ட அட்டைகளிலே, ஷெரி மகீ என்னும் ஆட்டக்காரரின் பெயரில் ஆங்கில ‘ஈ’ எழுத்து நிற்கவேண்டிய ஓரிடத்தில் ‘ஐ’ எழுத்து விழுந்துவிட்டது. விரைவிலே திருத்தப்பட்டமையாற் பிழையட்டை அரிதாயிற்று. அரிதானதும், திருத்தமான அட்டையில் ஓரெழுத்தை மாற்றிப் பிழையாக்குவோர் தோன்றினர். அச்சுக்கோப்பவன் அறியாமற் செய்ததை, இவர்கள் அறிந்து செய்தனர். எழுத்து ஒன்றே, செயல் வேறு.

அதனினும் விந்தையானது 1989ஆம் ஆண்டில் பிளியர் என்னும் நிறுவனம் வெளியிட்ட பில்லி ரிப்கன் என்பாரின் அட்டை. அவர் கையிலிருந்த மட்டையின் அடிக்குமிழிலே தூஷணச் சொல்லொன்று எழுதப்பட்டிருந்தது. அதனை எவரும் நோக்காமல் அச்சிட்டுவிட்டனர். பயிற்சிக்குரிய மட்டையென அடையாளம் காண்பதற்காகத் தாமே அதனை எழுதியதாகப் பல்லாண்டு கழித்து, 2008இல், ரிப்கன் ஒப்புக்கொண்டார். நாணிய நிறுவனத்தார் அச்சொல்லை மறைக்கப் பலவாறு முயன்றனர். சிலவற்றிற் கறுப்புக் கிறுக்கல், சிலவற்றிற் கறுப்புக் கட்டம், மிகச் சிலவற்றில் வெள்ளைப் பூச்சு. இவற்றுள் வெள்ளைப் பூச்சுள்ளது அரிது. ஆதலால் இங்கே பொய் செய்வோர் பிழையைப் போலியாகச் செய்யவில்லை. திருத்தத்தையே போலியாகச் செய்தனர். கந்தோர்களில் எழுத்துப்பிழை மறைக்கும் வெள்ளை மையும் ஒரு சிறு தூரிகையும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

“அப்ப அத்தாட்சிப் பத்திரம் குடுக்கிற இடங்கள் இருக்குதே, ஐயா?” என்று அவனே வினவி, அவனே விடையும் கூறினான். அட்டையுலகிலே முடிசூடிய அட்டை ஹோனஸ் வாக்னர் என்பாருடையது. அதன் பிரதிகளுள் ஒன்றுக்கு 1991இல் தரம் பார்க்கும் நிறுவனமொன்று 10க்கு 8 என்னும் உயர்தரம் வழங்கிற்று. 2007இல் அது 28 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2013இல், அதனை முன்னர் விற்ற வணிகரான பில் மாஸ்ட்ரோ, அட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீர்செய்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அது பிழையட்டை அன்றெனினும் படிப்பினை ஒன்றே: அத்தாட்சி என்பது பார்த்தவரின் கருத்து, பொருளின் சாட்சியம் அன்று. கருத்து தவறலாம். சாட்சியத்தை மீண்டும் மீண்டும் விசாரிக்கும் உரிமை நமக்கு என்றும் உண்டு.

நம் நாட்டிற் கிரிக்கெட் ஆட்டத்தைப் போற்றுவார் கோடி. ஆயினும் இத்தகைய அட்டை வணிகம் நம்மிடையே வேரூன்றவில்லை. தபால் முத்திரை தொகுப்பதே நாம் அறிந்த வழக்கு. அவ்வழக்கிலும் பிழையின் மெய் பற்றிய வினா பழமையானது. இந்தியாவில் 1854இல் வெளியான நாலணா முத்திரை, கல்கத்தாவில் நில அளவை அலுவலகத்திலே கல்லச்சில் அடிக்கப்பட்டது. சட்டம் சிவப்பு, விக்ரோரியா அரசியின் தலை நீலம். முதலிற் சட்டத்தை அடித்து, மை உலர்ந்தபின் தாளை மீண்டும் இட்டுத் தலையை அடித்தனர். அவ்வாறு இடும்போது தாள் மாறிவிட்டதனால், அரசி தலைகீழாக நிற்கும் முத்திரைகள் சில பிறந்தன. இன்று அறியப்படுவன ஏறத்தாழ முப்பதே. அவையனைத்தும் கடிதத்தில் ஒட்டிப் பயன்படுத்தப்பட்டவை. பயன்படுத்தாதது ஒன்றேனும் கிடைக்கவில்லை. அன்றைய தபாற்கந்தோர் ஊழியர் தாம் அறியாமலே அதன்மேற் குத்திய கறுப்புப் பொறிப்பு, அப்பிழையின் பிறப்புப் பதிவாக நிற்கின்றது.

இதற்கு மறுதலையான கதையொன்று 1962இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஐக்கிய நாடுகளின் செயலாளராயிருந்து 1961இல் விமான விபத்தில் மாண்ட டாக் ஹமர்ஷீல்ட் நினைவாக நான்கு சத முத்திரை வெளியாயிற்று. அதிற் சில தாள்களில் மஞ்சள் நிறப் பின்னணி தலைகீழாக விழுந்துவிட்டது. நியூஜேர்சியைச் சேர்ந்த ஒருவர் அத்தகைய தாளொன்றைக் கண்டு மகிழ்ந்தார். அந்நாளைய தபால் அமைச்சர் எட்வர்ட் டே என்பவர், அரசின் தவறினால் ஒருவர் செல்வராவது தகாதெனக் கருதி, அதே பிழையை வேண்டுமென்றே 4 கோடி முத்திரைகளில் அச்சிடுமாறு பணித்தார். அதே அச்சுக்கூடம், அதே தகடு, அதே மை. ஆயினும் அவை பிழைகள் ஆகுமா? பிழையின் உருவம் அவற்றுக்கு இருந்தது. பிழையின் பிறப்பு இல்லை. இரண்டையும் கண்ணாற் பிரித்தறிய இயலாத நிலையிலே, மறு அச்சுக்கு முன்னைய திகதி பொறித்த கடித உறைகளே முதற்பிழைக்குச் சான்றாயின. பொருள் சாட்சி சொல்ல மறுத்த இடத்தில் நாள் சாட்சி சொல்லிற்று.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் இருள் சூழ்ந்துவிட்டது. தேநீர் அருந்திய மாணாக்கன் தலைகுனிந்தவாறே ஒரு சொற் சொன்னான்.

“ஐயா, இதை இன்னொருத்தனுக்கு வித்துப்போடலாம். நான் வாங்கேக்கை கண்டுபிடிக்கேல்லைத்தானே; அவனும் கண்டுபிடிக்கமாட்டான். நான் அழிக்கேல்லை. காசும் எனக்கில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தானே.”

“அது பாவம், தம்பி” என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். ஆசிரியர்க்கு அது எளிது. ஆயினும் அவன் முகத்தை நோக்கியபோது அவ்வாக்கியம் என் நாவில் எழவில்லை. எழாமைக்குக் காரணம் என்னிடத்திலேயே இருந்தது. எவரிடமும் கூறாத அதனை அன்று அவனிடம் கூறினேன்; இன்று அன்பர்களிடமும் கூறுகின்றேன்.

எங்கள் ஊர் கூத்துக்குப் பெயர் பெற்றது. கோவலன் கூத்து ஆடப்படும் இரவுகளில் முள்ளியவளையிற் குழந்தைகளும் உறங்குவதில்லை. யான் கீழைத்தேயக் கல்லூரியிற் பயின்று தேர்வெழுதி ஊர் திரும்பிய இளமைக் காலத்தில், முதிய அண்ணாவியார் ஒருவர் வீட்டிலே பழைய கூத்தேடு ஒன்று இருப்பதை அறிந்து, அதனைப் படியெடுக்க அனுமதி பெற்றேன். நாள்தோறும் பாடசாலை விட்டதும் அங்கே சென்று, ஏட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். அண்ணாவியார் அருகில் இருந்து பாடிக்காட்டுவார்.

இலக்கணம் கற்ற செருக்கு என்பது ஒரு நோய். ஏட்டிலே எதுகை பிறழ்ந்த இடங்களும், பேச்சுவழக்குச் சொற்களும் என் கண்ணை உறுத்தின. அவற்றை ஏடெழுதுவோன் செய்த பிழையென முடிவுகட்டி, கொப்பியில் எழுதும்போதே திருத்திவிட்டேன். திருத்தினேன் என்று ஓரத்திற் குறிக்கவும் இல்லை. அரசவைக் காட்சி ஒன்றிலே, படைக்குத் தலைவனாக வருபவனைக் ‘கப்பித்தான்’ என்று ஏடு கூறிற்று. தமிழ்வேந்தன் அவையிற் பறங்கியர் சொல் எவ்வாறு வரும் என்று நகைத்து, ‘தளபதி’ என்று எழுதினேன். அண்ணாவியார் கண்டு, “தம்பி, எங்கடை பாட்டன் பாடினது கப்பித்தான் எண்டுதான்” என்றார். “பாட்டன் பாடியதும் பிழையே, ஐயா” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. கற்றவன் கூறினான் என்று அடங்கிவிட்டார்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் ஊரை விட்டுப் புறப்பட்டோம். புறப்பட்டவர்கள் எங்கெங்கே ஒதுங்கினர், 2009 மே மாதம் வரை என்னென்ன கண்டனர் என்பதை இங்கே விரித்தல் என் நோக்கமன்று. மீண்டு வந்தபோது அண்ணாவியார் இல்லை, அவர் வீடும் இல்லை, ஏடும் இல்லை. சான்றிதழ்களோடு பையில் அகப்பட்டு வந்த என் கொப்பி மட்டும் எஞ்சிற்று. அக்கூத்துக்கு இன்று உலகில் உள்ள ஒரே எழுத்துப் பிரதி, யான் அறிந்தவரை, அதுவே.

பின்னொருநாள் கொப்பியைப் புரட்டுகையிலே தான் ‘கப்பித்தான்’ என்ற சொல்லின் பொருள் எனக்கு உறைத்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்கரைகளில் ஆட்சி செலுத்திய காலத்தில் மக்கள் நாவில் ஏறிய சொல் அது. அப்பாட்டு எக்காலத்தவர் வாயிற் பயின்றது என்பதற்கு அவ்வொரு சொல் சான்றாயிருந்தது. பிழையென்று யான் கருதியது, அவ்வேட்டின் திகதிப் பொறிப்பு. அதனை யானே துடைத்துவிட்டேன். கப்பித்தானை நினைவில் வைத்திருப்பது அண்ணாவியார் வாதிட்டமையால்; அவர் வாதிடாத இடங்கள் எத்தனையோ! எவை ஏட்டின் சொற்கள், எவை என் சொற்கள் என்று இன்று என்னாலும் பிரித்துக் கூற இயலாது. ஆதலாற் கொப்பியின் ஒவ்வொரு பாட்டும் ஐயத்துக்கு உரியதாயிற்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியது ஒரே ஆண்டில், 1887இல். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கி உழைத்த அப்பெரியோரின் பணியை வகுப்பிலே போற்றிப் பேசுபவன் யான். ஒரே பிழையைத் தாங்கிய இரண்டு ஏடுகள் ஒரே தாயேட்டிற் பிறந்தவையாதல் கூடும் என்றும், ஆகவே பிழையையும் காத்து வைக்கவேண்டும் என்றும் மாணாக்கர்க்கு உரைப்பவன் யான். உரைத்தவன் செய்தது இது.

இதனைக் கேட்ட மாணாக்கன் சிறிதுநேரம் அட்டையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதிலை பெயரை அழிச்சுப் பிழையாக்கினவன் ஒருத்தன். நீங்கள் பிழையை அழிச்சுச் சரியாக்கினியள்” என்றான். அவன் கடுமையாகக் கூறவில்லை. ஆயினும் அதனினும் செம்மையாக எவரும் கூறிவிட இயலாது. அவன் பணத்துக்காகச் செய்தான், யான் புலமைக்காகச் செய்தேன் என்பதன்றி எங்களிடையே வேறுபாடில்லை. இருவரும் அழித்தது ஒன்றையே: ஒரு பொருள் எவ்வாறு பிறந்தது என்று அப்பொருளே கூறும் சாட்சியத்தை.

“அறியாமல் நான் செய்ததே இவ்வளவு கேடு செய்தது. நீ அறிந்து இதனை இன்னொருவர் கையிற் கொடுத்தால், நாளை மெய்யான பிழையட்டை வைத்திருப்பவனையும் உலகம் ஐயுறும். நூலகத்துக்கு வாங்கும் நூலின் முதற் பக்கத்தில் அதனை எவ்வாறு எழுதுவாய்?” என்று கேட்டேன். அவன் விடை கூறவில்லை. என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அட்டையின் உறைமேல் ஒட்டிய துண்டுத் தாளில், ‘பெயர் பின்னர் அழிக்கப்பட்டது, அச்சுப்பிழை அன்று’ என எழுதித் திகதியும் இட்டான். “வகுப்பிலை பிள்ளையளுக்குக் காட்டுங்கோ ஐயா” என்று என்னிடமே தந்துவிட்டான். பயணம் போகுமுன் தன் கைப்பணத்திலிருந்து சிறுவர் நூல்கள் ஒரு பெட்டி வாங்கி நூலகத்திற் சேர்ப்பித்தான். எண்ணியதினும் சிறிய பெட்டிதான்.

அவன் சென்ற மறுநாட் காலையில் யான் கொப்பியை எடுத்தேன். ‘தளபதி’ என்ற சொல்லின் ஓரத்தில், ‘ஏட்டில் இருந்தது: கப்பித்தான், மாற்றியவன் யான்’ என எழுதினேன். முதற் பக்கத்தில், இப்பிரதியிற் குறிப்பின்றித் திருத்திய இடங்கள் பல உள என்றும், அவற்றை இன்று நினைவுகூர இயலவில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். சிவப்பு மையினாலேயே எழுதினேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முல்லைத்தீவு, தண்ணீரூற்று, முள்ளியவளைப் பகுதிகளிற் பழைய கூத்துக்களை ஆடியவரோ பாடக் கேட்டவரோ உங்கள் வீடுகளில் இருப்பின், அவர் எவ்வூரில், எந்நாட்டில் வாழினும், அவர் பாடுவதைக் கேட்டு எழுதி வையுங்கள். எதுகை பிறழினும், சொல் கொச்சையெனத் தோன்றினும், அவர் வாயிலிருந்து வந்தவாறே எழுதுங்கள். திருத்தம் வேண்டுமெனின் ஓரத்தில் எழுதுங்கள். அவர் ‘கப்பித்தான்’ என்று பாடினால் எனக்கும் அறிவியுங்கள்.